நின்று கேட்ட தோஸ்கா

கல்லூரி விடுதியில் எங்களுக்கு மூத்தவராக இருந்து, பின்னர் நெடுநாள் நண்பராகிப்போன ஒருவர் வியன்னாவில் பொறியாளராக இருக்கிறார். 2019ஆம் ஆண்டு இளவேனிலில் ஒரு கருத்தரங்கின் பொருட்டு நாங்கள் இருவர் அந்நகருக்குச் செல்ல நேர்ந்தது. அதே வாரத்தில்தான் அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள். "என்ன கொண்டுவரட்டும், அண்ணே?" என்று தொலைபேசியில் கேட்டோம். நார்த்தங்காய் ஊறுகாய் கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தோம். "ஒன்றும் வேண்டாம் தம்பி, ஒரு மாலை ஓபராவுக்கு வந்து என்னோடு நில்லுங்கள்" என்றார். 'நில்லுங்கள்' என்ற சொல்லை அப்போது நாங்கள் பொருட்படுத்தவில்லை.

நண்பரின் செவிப்புலன் சில ஆண்டுகளாகத் தேய்ந்து வருகிறது. மேல்சுருதி ஒலிகளே முதலில் விடைபெறுகின்றன. பறவைகள் போயின, பின்பு குழந்தைகளின் பேச்சு. மார்கழி தவறாமல் சென்னைக்கு வந்து சபா சபாவாக அலைந்தவர், கச்சேரிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஒலிபெருக்கியின் இரைச்சலைக் காதிலுள்ள கருவி மீண்டும் பெருக்கும்போது வயலின் தகரத்தைச் சுரண்டுவதுபோல் ஒலிக்கிறதாம். "இது பேச்சுக்காகச் செய்த கருவி, இசைக்காகச் செய்ததன்று" என்பார். ஓபராவிலோ ஒலிபெருக்கி கிடையாது. அதனாலேயே அவர் அங்கே சென்றுகொண்டிருந்தார்.

நிற்கும் இடத்துக்கான சீட்டின் விலை அப்போது மிகக் குறைவாகவே இருந்தது. மூன்று மணி நேரம் வரிசையில் காத்திருந்து உள்ளே நுழைந்ததும் எல்லோரும் ஓடினார்கள், நாங்களும் ஓடினோம். ஓடியவர்கள் தத்தம் கழுத்துத்துணியை அவிழ்த்துக் கம்பியில் முடிந்தார்கள். முடிந்துவிட்டால் அவ்விடம் அவர்களுடையது என்பது அன்றைய வழக்கம். வெளியே போய் உண்டுவிட்டு வந்தாலும் எவரும் தொடவில்லை. சன்னல் வழியே துண்டு போட்டுப் பேருந்தில் இடம் பிடிக்கும் மரபில் வந்த எங்களுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. மொசார்ட்டின் நகரத்தில் எங்களுக்கு முதலில் விளங்கியது இதுதான்.

அந்தக் கட்டடத்துக்கு ஒரு துயரக்கதை உண்டு. அதைக் கட்டிய இருவர் ஃபான் டெர் நூல், சிக்கார்ட்ஸ்பூர்க். எதிரேயிருந்த சாலையின் மட்டம் பின்னர் உயர்த்தப்பட்டதால், 'புதைந்த பெட்டி' என்று நகரம் அதை எள்ளியது. 1868இல் முன்னவர் தற்கொலை செய்துகொண்டார். சில வாரங்களில் மற்றவரும் மறைந்தார். 1869 மே 25 அன்று நடந்த திறப்புவிழாவைப் பார்க்க இருவரும் இல்லை. 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் அரங்கம் எரிந்தது. 1955 நவம்பரில் பேத்தோவனின் 'ஃபிடேலியோ'வோடு மீண்டும் திறந்தார்கள். இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம் என்று மேடையை அளந்துகாட்டி, மூவகைத் திரைகளையும் சொல்லுகிறார். பார்ப்பவர் எங்கே நின்றார் என்று சொல்லவில்லை. வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தும் பகுதி அது. நாங்களே நிற்கும்வரை எங்களுக்கு அந்தக் கேள்வி எழவில்லை.

வரிசையில் நின்றபோது நண்பர் ஒன்று சொன்னார். எழுபது, எண்பது வாத்தியங்களைத் தாண்டி ஒரு தனிக்குரல் கடைசி வரிசைவரை வருவது கத்துவதனால் அன்று. சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி 1970களில் இதை ஆராய்ந்திருக்கிறார். வாத்தியங்களின் வலிமை பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் அளவில் திரண்டிருக்கும். பயின்ற ஆண்குரல்கள் தொண்டையை அமைத்துக்கொள்ளும் விதத்தால் 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு தனி ஒளி பெறுகின்றன. அங்கே வாத்தியங்கள் வலுவற்றவை. குரல் அந்த இடைவெளியில் புகுந்து வருகிறது. ஒலிபெருக்கி வராத நாடகக் கொட்டகைகளில் கிட்டப்பா பாடியதும் இப்படித்தானோ என்று நாங்கள் வியந்துகொண்டிருந்தபோது, "அந்த மூவாயிரத்திலிருந்துதான் எனக்குப் போகத் தொடங்கியது" என்றார், பேருந்து எண்ணைச் சொல்லுவதுபோல.

அன்று புச்சினியின் 'தோஸ்கா'. 1900 ஜனவரியில் உரோமில் அரங்கேறியது. வியன்னாவில் 1958ஆம் ஆண்டின் மேடையமைப்பே அப்போதும் இருந்தது. விளக்கணைந்ததும் நண்பர் இரு கருவிகளையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முதல் அங்கத்தின் முடிவில் தேவாலயப் பாடலும் மணியும் பீரங்கி ஒலியும் சேர்ந்தெழ, அவற்றின் மேல் கொடியவன் ஸ்கார்ப்பியாவின் கனத்த குரல் ஏறியபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. இரண்டாம் அங்கத்தில் தோஸ்கா அவனைக் குத்திக் கொன்றபின், பிணத்தின் இருபுறமும் மெழுகுவத்திகளை வைத்து, மார்பில் சிலுவையைக் கிடத்திவிட்டுப் போகிறாள். பாட்டேயில்லாத அந்தச் சில கணங்களில் நாங்கள் மூவரும் சமமாக இருந்தோம்.

மூன்றாம் அங்கம் விடியலில் தொடங்குகிறது. மேடைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆட்டிடைச் சிறுவனின் பாட்டு மெல்ல வந்தது. நாடகத்தில் அவனுக்கு வேறு வேலையே இல்லை. ஒருவன் சாகப்போகும் காலையில் அவன் பாட்டுக்குப் பாடிக்கொண்டு போகிறான். நண்பர் கம்பியிலிருந்த சிறு திரையைப் பார்த்தார். அதில் ஆங்கில வரிகள் மாறிக்கொண்டிருந்தன. மேடையைப் பார்த்தார், எவரும் இல்லை. எங்கள் பக்கம் குனிந்து, "யாராவது பாடுகிறார்களா?" என்று கேட்டார். தலையசைத்தோம். பின்பு உரோமின் மணிகள் ஒவ்வொன்றாக விழித்தன. தூய பேதுரு பேராலயத்துப் பெரிய மணியின் சுருதியை விசாரித்தறிந்தே புச்சினி அதை எழுதினார் என்பது வரலாறு. அந்த ஆழ்ந்த ஓசை வந்தபோது அவர் கண்களை மூடிக்கொண்டார். அடுத்து வந்த தெனோரின் புகழ்பெற்ற பாட்டை நாங்கள் சரியாகக் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

வெளியே வந்து, ஓபராவின் பின்புறத்துக் கடையில் சாசேஜும் ரொட்டியும் வாங்கி நின்றபடியே தின்றோம். அன்று உட்காரும் எண்ணமே எவருக்கும் எழவில்லை. நண்பர் கருவிகளை மாட்டிக்கொண்டு, "அந்தப் பையன் எப்படிப் பாடினான்?" என்றார். சோகமாக, ஆனால் சோகம் தெரியாமல் என்று ஏதோ சொல்லிப் பார்த்தோம். தமிழ் கற்பிக்கும் இருவருக்கு அதற்குமேல் சொல் கிடைக்கவில்லை. "பாடிக்காட்டுங்கள், கீழ்ச் சுருதியில்" என்றார்.

டிராம் நிறுத்தத்தில் எங்களைத் தவிர ஒரு மூதாட்டி மட்டுமே இருந்தார். நாங்கள் இருவரும் எட்டிய மட்டும் குரலைத் தாழ்த்தி, நினைவிலிருந்ததை முணுமுணுத்தோம். நண்பர் தலையைச் சாய்த்து, கையைச் செவியில் குவித்து, இறுதிவரை கேட்டார்.

"சுருதி விலகுகிறது, தம்பி. இன்னொரு முறை" என்றார்.