நாலு மாச பாக்கி

போன வாரம் திருமழபாடிக்குப் போயிருந்தேன். சித்தி வீட்டுத் திண்ணையில் நாலு வாண்டுகள். அங்கன்வாடி உதவியாளரா இருந்து ரிட்டயர் ஆன சித்தி, இப்போ வேலைக்குப் போறவங்க பிள்ளைகளைப் பாத்துக்கறாங்க. காசு விஷயமெல்லாம் வாய்ப்பேச்சுதான். நோட்டைப் புரட்டினா ஒரு வீட்டில் நாலு மாச பாக்கி!

"நந்தி கல்யாணத்துக்குள்ள தர்றேன்னாங்கடா."

பங்குனியில் நந்திக்குக் கல்யாணமும் ஆகி, ஆடிப்பெருக்கும் போயாச்சு :-(

"அங்கன்வாடில சூப்பர்வைசர் வந்தா எடை, முட்டை, பதிவேடுன்னு எல்லாத்தையும் பாப்பாங்க. இங்க என்னைக் கேக்கவும் ஆளில்ல, எனக்காகக் கேக்கவும் ஆளில்ல."

1975-ல் ஆரம்பிச்ச திட்டம் அது. அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லவே 2022 ஆச்சு. திண்ணையில் பாத்துக்கறவங்க எந்தக் கணக்கில் வருவாங்க?

நமக்குத் தெரிஞ்சது டைப் அடிக்கறதுதானே. லேப்டாப்பைத் திறந்து ஒரு பக்க ஒப்பந்தம் தயார் பண்ணினேன். அஞ்சாம் தேதிக்குள் பணம். சாயங்காலம் ஆறு மணிக்குள் பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடணும். ரெண்டு மாசம் பாக்கி விழுந்தா பிள்ளையைச் சேர்க்க மாட்டோம்.

சித்தி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மெதுவா வாசிச்சாங்க.

"கடைசி வரிய எடுத்துருடா. புள்ள என்ன பண்ணுச்சு?"

எடுத்துட்டேன். பாக்கிக்காரங்க பையன் அப்போ என் மௌஸைக் கடிச்சுக்கிட்டிருந்தான்.