துரைமார் போன மலைக்குச் சைக்கிளில் போவோம்

சைக்கிளைப் பற்றித் தோட்டத்து மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போனவர்களும், பால் வாளியைத் தொங்கவிட்டு ஸ்டோருக்கு வந்தவர்களும், பட்டணத்துப் பள்ளிக்குப் பிள்ளையை ஏற்றிச் சென்றவர்களும் சைக்கிளை நம்பித்தான் வாழ்ந்தார்கள். ஆனால் உல்லாசப் பயணம் என்று வந்துவிட்டால் நமக்குப் பஸ் நினைவுதான் வருகிறது. வேலைக்கு உழைத்த வண்டி நம் மகிழ்ச்சிக்கும் உழைக்காதா என்ன?

கார் சத்தம் குறைந்த, காடும் மலையும் சூழ்ந்த ஒரு சாலையை இன்று உங்களுக்குக் காட்டப் போகிறேன். சிலாங்கூரின் வடகோடியில் உள்ள கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறுகிற பழைய சாலை அது. தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வாருங்கள், மெதுவாக மிதிப்போம்.

புதிய ஊரும் பழைய ஊரும்

கோல குபு பாருவில் 'பாரு' என்றால் புதியது என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியானால் பழைய ஊர் எங்கே? 1883ஆம் ஆண்டு அங்கே இருந்த அணை உடைந்து வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. பலர் மாண்டார்கள். மாவட்ட அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரரும் அதில் இறந்தார். அந்த இடத்திற்கு இன்றைக்கும் அம்பாங் பெச்சா என்றே பெயர். உடைந்த அணை என்பது அதன் பொருள். 1926ஆம் ஆண்டிலும் பெருவெள்ளம் வந்தது. ஆற்று மண் மேடேறிப் பழைய ஊர் வாழ முடியாத இடமாகிவிட, மேட்டு நிலத்தில் புதிய பட்டணத்தை அமைத்தார்கள். அகன்ற திடலும் நிழல் மரங்களும் வைத்துத் திட்டமிட்டுக் கட்டிய ஊர் என்பது பார்த்தவுடன் விளங்கும்.

இரயிலில் வருகிறவர்களுக்கும் வசதி உண்டு. தஞ்சோங் மாலிம் போகும் இரயில் இங்கே நிற்கிறது. நிலையத்திலிருந்து ஊர் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. சைக்கிளை இரயிலில் ஏற்ற விதிகள் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டுவண்டிக் காலத்துச் சாலை

ஊரைத் தாண்டியதும் சிலாங்கூர் ஆற்று அணைக்கட்டு வரும். நீர்த்தேக்கத்தின் ஓரமாகவே சாலை வளைந்து போகிறது. காலைப் பனியில் நீலமும் பச்சையும் கலந்து கிடக்கும் அந்த நீரைப் பார்த்து வியப்பது நியாயம். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். இந்த அணைக்காகத் தெமுவான் பழங்குடி மக்களின் பெரெத்தாக், கெராச்சி என்னும் இரு கிராமங்கள் இடம் மாற வேண்டியிருந்தது. நகரத்துக் குழாயில் தண்ணீர் வருவதற்காக யாரோ தம் வீட்டைவிட்டுப் பெயர்ந்திருக்கிறார்கள். தோட்டம் விற்கப்பட்டு லயத்து வீட்டைக் காலி செய்த குடும்பங்களுக்கு அந்த வேதனையை நான் விளக்கத் தேவையில்லை.

நீர்த்தேக்கம் பின்னால் மறைந்ததும் காடு தொடங்குகிறது. இது 55ஆம் எண் கூட்டரசுச் சாலை. தித்திவங்சா மலைத்தொடரைக் கடந்து பகாங் மாநிலத்துக்குள் நுழைவதற்காக 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் போட்ட பாதை இது. அன்று மோட்டார் வண்டி ஏது? மாடு இழுத்து ஏற வேண்டும் என்பதால் மலையைச் சுற்றிச் சுற்றி, சிறுகச் சிறுக ஏறும்படி பாதை வகுத்தார்கள். அதன் பலன் இன்று சைக்கிள்காரருக்குக் கிடைக்கிறது. மலை உச்சியிடுக்கான 'கேப்' என்னும் இடம் வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஏறும் உயரமோ ஏறத்தாழ 800 மீட்டர். சராசரியாகப் பார்த்தால் 100 அடி போனால் இரண்டரை அடி உயர்கிறோம். மூச்சு வாங்கும், ஆனால் முடங்கிப் போக மாட்டீர்கள்.

இத்தகைய சாலைகளை வெட்டியவர்கள் யார்? மலாயாவில் பொதுப்பணி இலாகாவிலும் இரயில் பாதையிலும் கூலிகளாக மண் சுமந்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். எந்த வளைவில் யார் கல் உடைத்தார் என்று எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை. துரைகளின் பெயரில் மலைகள் இருக்கின்றன. தொழிலாளியின் பெயரில் ஒரு மைல்கல்கூட இல்லை.

1951ஆம் ஆண்டின் வளைவு

கேப்பை நெருங்கும் முன் ஒரு வளைவில் நின்று பாருங்கள். 1951ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், பிரிட்டிஷ் உயர் ஆணையராக இருந்த சர் ஹென்றி கெர்னி பிரேசர் மலைக்குப் போகும் வழியில் இந்தச் சாலையில்தான் கம்யூனிஸ்டுப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் காரைவிட்டு இறங்கிச் சுட்டவர்களை நோக்கி நடந்தார். காருக்குள் இருந்த அவர் மனைவி உயிர் தப்பினார். மறு ஆண்டில் டெம்ப்ளர் அவர் இடத்திற்கு வந்தார்.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முள்வேலிக்குள் லயங்கள், அளந்து கொடுத்த அரிசி, வெட்டுக்குப் போகும்போது சோற்றுப் பொட்டலத்துக்குச் சோதனை. ஒரு பக்கம் துப்பாக்கி, மறுபக்கமும் துப்பாக்கி. நடுவில் மரம் வெட்டப் போன நம் மக்கள். அந்த நாளில் பயந்து பயந்து கடந்த இந்தக் காட்டு வளைவில் இன்று கேட்பதெல்லாம் சியாமாங் குரங்கின் கூவலும் ஓடைச் சத்தமும்தான். பிள்ளைகளோடு போகிறவர்கள் இங்கே ஐந்து நிமிடம் நின்று பழைய கதையைச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் படிப்பதைவிட அது மனத்தில் நிற்கும்.

மேலே என்ன இருக்கிறது?

கேப் என்பது சிலாங்கூரும் பகாங்கும் சந்திக்கும் இடம். நேரே இறங்கினால் தெரானும் வழியாக ரவுப் போகலாம். பிரேசர் மலைக்கு இங்கிருந்து இன்னும் 8 கிலோமீட்டர். இதுவரை ஏறியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு செங்குத்து. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் வேண்டாம். சாலை குறுகலானதால் முற்காலத்தில் ஏறுவதற்கு ஒரு நேரம், இறங்குவதற்கு ஒரு நேரம் என்று கதவு வைத்து வண்டிகளை விட்டார்கள். பின்னர் இறங்குவதற்குத் தனிச் சாலை ஒன்று போடப்பட்டது. மழைக் காலத்தில் மண் சரிந்து பாதை மூடப்படுவதும் உண்டு. ஆகவே எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று விசாரித்த பிறகே புறப்படுங்கள்.

லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இம்மலையில் ஈயம் எடுத்தார். பிறகு எங்கே போனார் என்று தெரியாமல் மறைந்துவிட்டார். 1917ஆம் ஆண்டு அவரைத் தேடி வந்த சிங்கப்பூர்ப் பேராயருக்கு ஆள் கிடைக்கவில்லை. குளிர்ந்த மலைதான் கிடைத்தது. 1922ஆம் ஆண்டு அது கோடைவாசத் தலமாகத் திறக்கப்பட்டது. பழைய ஈயக் குழி கோல்ப் திடலானது. உத்தியோகஸ்தர்களும் தோட்டத் துரைமாரும் வெயிலுக்குத் தப்பி இங்கே ஓய்வெடுத்தார்கள். அந்த ஓய்வுக்கான பணம் எந்த மரத்தில் வடிந்த பால் என்று உங்களுக்குத் தெரியாதா? பால் எடுத்துக் கொடுத்தவர்களோ அந்தக் குளிர்காற்றை அறியாமலே ஓய்ந்து போனார்கள்.

இன்று தடுப்பார் யாருமில்லை. மணிக்கூண்டின் அருகே உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சாதத்தைப் பிரிக்கலாம். பறவை பார்க்க உலகமெங்குமிருந்து இங்கே வருகிறார்கள். வெள்ளிக் காது மெசியா என்னும் வண்ணக் குருவி சாலையோரத்துச் செடியிலேயே கூட்டமாகத் துள்ளும்.

புறப்படும் முன்

வார நாளில் போவதே நல்லது. சனி, ஞாயிறில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாக வரும். விடிந்தவுடன் ஏறத் தொடங்குங்கள். பிற்பகலில் மலையில் மழை பிடித்துக்கொள்ளும். நடுவழியில் கடையை நம்ப வேண்டாம். ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், உணவு, மாற்று டியூப், காற்றடிக்கும் பம்பு, மழைச்சட்டை அவசியம். பல இடங்களில் கைத்தொலைபேசித் தொடர்பு கிடைக்காது. தனியே போகாதீர்கள், வீட்டில் நேரம் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து அதிகம். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிமானம் குறையும். முன்னும் பின்னும் மாற்றி மாற்றி, விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் அல்ல. இடப்பக்கம் விட்டு விலகாதீர்கள். தலைக்கவசம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள்.

இவ்வளவு தூரம் முடியாது என்பவர்கள் நீர்த்தேக்கம் வரை போய்த் திரும்பலாம். கோலாலம்பூர்ப் பக்கத்தவர்களுக்குக் கோம்பாக்கிலிருந்து மலையேறிப் பெந்தோங் போகும் பழைய சாலை இருக்கிறது; நெடுஞ்சாலை வந்த பின் அதிலும் நெரிசல் குறைந்தது. அதுவும் வேண்டாமென்றால் நம் தோட்டத்துச் செம்மண் சாலையே போதும். நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மாலையில் பிள்ளைகளோடு செம்பனை நிழலில் சுற்றி வாருங்கள். தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறிவரும் நாளில், அந்தச் சாலைகளையும் நம் பிள்ளைகள் இப்போதே பார்த்து வைப்பது நல்லது.

பாட்டன்மார் வியர்வையில் போட்ட பாதைகள் இந்த நாட்டில் எத்தனையோ. அவற்றில் ஒன்றிலாவது, கூலிக்காக அல்லாமல் மகிழ்ச்சிக்காக, அவர்களின் பேரப் பிள்ளைகள் ஏறிப் பார்க்க வேண்டும். மூலையில் சாய்த்து வைத்த சைக்கிளை இந்த வாரமே துடைத்து எண்ணெய் போடுங்கள்.