கண்ணாடி பளபளக்கிறது, சூப் ஆறிக் கிடக்கிறது

பாரிஸ் பேட்டைகளின் பெருமையாக இருந்த பிரஸரிகளில் அலங்காரம் அப்படியே இருக்கிறது. இறங்குமுகத்தில் இருப்பவை சாப்பாடும் உபசரிப்பும்தான்.

இரவு எட்டு மணி. வாசலில் நொறுக்கிய ஐஸ் மேல் சிப்பிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே பித்தளைக் கம்பிகள், சிவப்புத் தோல் இருக்கைகள், உருண்டை விளக்குகள், சுவர் முழுக்கக் கண்ணாடி. பக்கத்து மேஜைக்கு யார் யாரோடு வந்திருக்கிறார்கள் என்பதைத் தலையைத் திருப்பாமலே பார்த்துக்கொள்ளலாம். பிரஸரி சுகத்தில் பாதி அதில்தான் இருக்கிறது.

மீதிப் பாதி மேஜைக்கு வர நேரமாகிறது. மெனு கார்டுக்குப் பத்து நிமிடம், ஆர்டர் எடுக்க இன்னொரு பத்து நிமிடம். கடைசியில் வெங்காய சூப் வருகிறது. மேலே உருகி, ஓரம் கருகியிருக்க வேண்டிய சீஸ் ரப்பர் போல இழுபடுகிறது. அடியில் சூப் வெதுவெதுப்பு. மாற்றித் தரச் சொல்லலாம் என்றால் பரிமாறியவர் போன இடம் தெரியவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று யூரோ; நம் கணக்கில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். இந்தக் கடையின் பெயர் முக்கியமில்லை. நகரின் 20 வட்டாரங்களில் எதில் வேண்டுமானாலும் இந்த மாலை வாய்க்கும்.

பிரஸரி என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு பீர் காய்ச்சும் இடம் என்று பொருள். 1870-71இல் பிரஷ்யாவுடன் நடந்த போரில் பிரான்ஸ் தோற்று அல்சாஸை இழந்தது. ஜெர்மன் ஆட்சியின் கீழ் இருக்க விரும்பாத அல்சாஸ்காரர்கள் பலர் பாரிஸுக்குக் கிளம்பி வந்தார்கள். கூடவே தங்கள் பீரையும் ஷுக்ரூட்டையும் கொண்டுவந்தார்கள். ஷுக்ரூட் என்பது புளிக்கவைத்த முட்டைக்கோஸும் பன்றி இறைச்சியும் சாசேஜும் குவித்த தட்டு. பஸ்தீய் சதுக்கத்தை ஒட்டிய பொஃபாஞ்சே 1864இலேயே வந்துவிட்டது. சேன் ஜெர்மேன் பெருஞ்சாலையில் லியோனார் லிப் கடை போட்டது 1880இல்.

பெரிய ரெஸ்டாரன்ட்டின் கெடுபிடி இங்கு கிடையாது. பகல் முதல் நள்ளிரவு தாண்டியும் அடுப்பு எரியும். நாடகம் முடிந்து பதினொன்றரைக்கு வருபவருக்கும் சூடான தட்டு உண்டு. தனியாக வருபவரை யாரும் இரக்கத்தோடு பார்ப்பதில்லை. பேராசிரியரும் பேட்டை மளிகைக்காரரும் அடுத்தடுத்த மேஜையில் உட்காரலாம். சின்ன அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் பாரிஸ்காரருக்கு இது இரண்டாவது கூடம் மாதிரி.

பிரமாண்டம் என்றால் மோன்பர்னாஸில் உள்ள லா கூபோல். பழைய விறகு, நிலக்கரிக் கிடங்கு இருந்த மனையில் 1927 டிசம்பரில் திறந்தார்கள். கூடத்தின் தூண்களில் அந்தப் பகுதி ஓவியர்கள் வரைந்தார்கள். அங்கே தொடக்கத்திலிருந்தே புகழ்பெற்ற ஒரு பதார்த்தம் உண்டு: ஆட்டுக்குட்டிக் கறி, 'இந்திய முறை'. இந்திய உடை அணிந்த ஒருவர் தள்ளுவண்டியில் கொண்டுவந்து பரிமாறுவது அதன் விசேஷம். தமிழ்க் 'கறி' ஆங்கிலத்தில் நுழைந்து, பிரெஞ்சு மெனுவில் ஏறி, தலைப்பாகையோடு வலம் வந்த கதை தனியாக எழுத வேண்டியது.

திருப்பம் 1968இல் ஆரம்பித்தது. மாக்ஸீம் சமையலறையில் வேலை பார்த்த ஷான் போல் பூஷேர் என்ற அல்சாஸ்காரர், நொடித்துக் கிடந்த ஃப்ளோ என்ற பிரஸரியை வாங்கினார். அதை நிமிர்த்திவிட்டு அடுத்ததை வாங்கினார், பிறகு அதற்கடுத்தது. ஜூலியேன், வோதவீல், கார் து நோர் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தெர்மினுஸ் நோர், 1988இல் லா கூபோல், பின்னர் பொஃபாஞ்சே. இடிந்து போயிருக்கக்கூடிய பல கூடங்கள் அவரால்தான் பிழைத்தன. இதை அவரைத் திட்டுபவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

திட்டுவதற்குக் காரணம் இருந்தது. ஒரே முதலாளி என்றால் ஒரே கொள்முதல். வேறு வேறு பேட்டைகளில் வேறு வேறு சுவரோவியங்களுக்குக் கீழே கிட்டத்தட்ட ஒரே மெனு என்ற முணுமுணுப்பு எழுந்தது. அது சண்டையாக வெடித்தது 1998இல். சொர்போன் பல்கலைக்கழகத்துக்கு அருகில், எக்கோல் தெருவில் இருக்கும் பல்ஸார் சின்ன பிரஸரி. பேராசிரியர்களும் பதிப்பகத்தாரும் அதன் நிரந்தர வாடிக்கையாளர்கள். அதை ஃப்ளோ குழுமம் வாங்கியது தெரிந்ததும் அவர்கள் 'பல்ஸார் நண்பர்கள்' என்று சங்கம் வைத்தார்கள். ஒரு நாள் இரவு மேஜைகளில் போய் உட்கார்ந்து போராட்டமே நடத்தினார்கள். உள்ளிருப்புப் போராட்டத்துக்கு இவ்வளவு வசதியான இடம் கிடைப்பது அரிது.

அவர்களின் பயம் இரண்டு. தட்டில் வருவது எங்கோ செய்து எடுத்துவந்ததாக இருக்குமோ? வருடக்கணக்காகத் தங்களுக்குப் பரிமாறியவர்கள் என்ன ஆவார்கள்? பூஷேர் அவர்களைச் சந்தித்துப் பேசினார், எதுவும் மாறாது என்றார். தாங்களே கடையை வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்டும் பார்த்தார்கள், நடக்கவில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஆடம் காப்னிக் அந்தக் கும்பலில் ஒருவர். அவர் இதைப் பற்றி எழுதியதால்தான் சங்கதி அட்லான்டிக் தாண்டியது. வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பேராசிரியர்கள் பயந்தது வீண் பயமில்லை என்பதை ஆறிப்போன சூப்கள் சொல்கின்றன.

சுவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. லா கூபோல் கூடம் 1988இல் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. வேறு பல பிரஸரிகளின் கண்ணாடிக் கூரைக்கும் ஓடுகளுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ஒரு தூணைப் பெயர்க்க வேண்டுமானால் அரசாங்கத்தைக் கேட்க வேண்டும். சமையல்காரரை அனுப்பிவிட்டு, காற்று நீக்கிய பையில் வரும் மாட்டிறைச்சிக் குழம்பை வெந்நீரில் போட்டுச் சூடு பண்ண யாரையும் கேட்க வேண்டாம்.

சட்டம் இந்தப் பக்கமும் ஒருமுறை எட்டிப் பார்த்தது. 2014இல் 'கடையிலேயே செய்தது' என்று காட்ட ஒரு முத்திரை வந்தது. கூரை போட்ட வாணலி படம். ஆனால் பச்சையாக உறையவைத்த காய்கறி, மீன், இறைச்சியை வாங்கிச் சமைத்தாலும் அந்த முத்திரை போடலாம் என்று விதியில் இடம் இருந்தது. சமையல்காரர்களே கேலி செய்தார்கள். அடுத்த ஆண்டு விதியைத் திருத்தினார்கள். மெனு கார்டுகளில் அந்த வாணலியைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பரிமாறுபவர்களின் கதை வேறு. கறுப்பு வெயிஸ்ட்கோட், முழங்காலுக்குக் கீழே தொங்கும் வெள்ளை ஏப்ரன், கையில் ஆறு தட்டு. பழைய காலத்து பிரஸரி கார்சோன் இந்த வேலையை வாழ்நாள் தொழிலாகச் செய்தவர். பெரிய கடைகளில் அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. விற்பனையில் ஒரு சதவீதம்தான் வருமானம். பில்லில் சேர்ந்துவிடும் 15 சதவீத சர்வீஸ் கட்டணம் இந்த ஏற்பாட்டிலிருந்து வந்தது. மேஜை சீக்கிரம் நகர்ந்தால், வாடிக்கையாளர் இன்னொரு பாட்டில் கேட்டால், அவருக்கே லாபம். அதனால் அவர் கண் எப்போதும் மேஜை மேல் இருந்தது. நிலையான சம்பளம் பரவலாக வந்தது தொழிலாளிக்கு நியாயம்தான். ஆனால் சம்பளச் செலவைக் குறைக்க ஆட்களைக் குறைத்தார்கள். முன்பு இருவர் பார்த்த மேஜைகளை ஒருவர் பார்த்தால் அவர் கண் எங்கே இருக்கும்?

2020இல் கொரோனா வந்தது. உணவகங்கள் மார்ச்சில் மூடி, கோடையில் திறந்து, அக்டோபர் கடைசியில் மறுபடி மூடின. உள்ளே உட்கார்ந்து சாப்பிட 2021 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டில் இரவுச் சாப்பாடு சாப்பிட்டுப் பழகிய கார்சோன்கள் பலர் திரும்பி வரவில்லை. 2024 மார்ச்சில் நகராட்சி ஒரு பழைய வேடிக்கையை மீண்டும் நடத்தியது: தட்டில் காப்பி, குருவாஸான், ஒரு டம்ளர் தண்ணீர் ஏந்தி, சிந்தாமல் இரண்டு கிலோமீட்டர் போகும் கார்சோன் பந்தயம். தெருவில் அந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்குக் கூடத்துக்குள் அது எங்கே போகிறது என்ற கேள்வி வந்திருந்தால் ஆச்சரியமில்லை.

கதவுக்குப் பின்னால் இருப்பவர்களைப் பழி சொல்லுவது சுலபம். அங்கே போய்ப் பார்த்தால் தமிழ்க் குரல் கேட்கவும் வாய்ப்புண்டு. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் பலர் பாரிஸ் சமையலறைகளில்தான் முதல் வேலை பார்த்தார்கள். பாத்திரம் கழுவ ஆரம்பித்து, காய் நறுக்கி, அடுப்புக்கு வந்தவர்கள் உண்டு. அவர்களின் கடைத்தெருவான 'லாச்சப்பல்', கார் து நோர் நிலையத்துக்குப் பின்புறம்தான். 2023இல் பாரிஸின் சிறந்த பகெத் ரொட்டிக்கான பரிசை வாங்கி, ஜனாதிபதி மாளிகைக்கு ஓராண்டு ரொட்டி அனுப்பும் உரிமையைப் பெற்றவர் இலங்கைத் தமிழரான தர்ஷன் செல்வராஜா. நல்ல மாவும் நேரமும் கொடுத்தால் கை எந்த ஊர் என்று ரொட்டி பார்ப்பதில்லை. பையை வெட்டி ஊற்றச் சொன்னால் எந்தக் கைக்கும் அதற்கு மேல் வேலையில்லை.

ஃப்ளோ குழுமம் நஷ்டத்தில் தள்ளாடி 2017இல் பெர்த்ரான் குழுமத்தின் கைக்குப் போனது. அதே ஆண்டு பிகால் பகுதியில் ஒரு 'புய்யோன்' திறந்தது. கசாப்புக்காரர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டு நடுவில் தொழிலாளிகளுக்காகத் தொடங்கிய மலிவு சூப் கடையின் புது அவதாரம் இது. குட்டி மெனு, முட்டை மயோனேஸ், மாட்டிறைச்சிக் குழம்பு, பிரஸரி விலையில் பாதிக்கும் கீழே. வாசலில் வரிசை. அவ்வளவு பேர் சாப்பிடும்போது குழம்பு பழசாக நேரமேது? ஃப்ளோ காலத்து ஜூலியேனும் 2018இல் புய்யோனாக மாறிவிட்டது. அலங்காரம் அதேதான், விலை இறங்கிவிட்டது.

எல்லாப் பேட்டையிலும் புய்யோன் இல்லை. இருக்கிற இடத்திலும் அரட்டை அடித்துக்கொண்டு உட்கார முடியாது. பின்னால் வரிசை நிற்கிறது. அதனால் பழைய வாடிக்கையாளர்கள் தங்கள் பிரஸரியை முழுக்கக் கைவிடவில்லை. ஆர்டரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். சமையலறைக் கதவைத் தாண்டி வரும் எதையும் கேட்பதில்லை. வாசலில் ரப்பர் ஏப்ரன் கட்டி, குளிரில் நின்று கத்தியால் சிப்பி திறப்பவரிடம் ஒரு டஜன். கூடவே ரொட்டி, வெண்ணெய், ஒரு பீர். கண்ணாடியில் எதிர் மேஜையைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம். சூப் என்ன ஆயிற்று என்று அவர்கள் இப்போது கேட்பதில்லை.