ஒரு சாண் உயரம்

தில்லிக்கு மாற்றலாகி வந்த மூன்றாம் ஆண்டில், குடும்பத்தோடு சங்கர் பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகத்திற்குச் சென்றோம். கேலிச்சித்திரக் கலைஞர் சங்கருக்கு அங்கேரி நாட்டுத் தூதர் அளித்த ஒரு பொம்மையே இதற்கு வித்து. 1965இல் திறக்கப்பட்டபோது ஏறத்தாழ 1,000 பொம்மைகள் இருந்தனவாம். இன்று 6,000க்கும் மேல்.

இராட்டினமும் ஊஞ்சலும் இல்லாத இடத்தில் என் ஏழு வயது மகள் சலிப்படைவாள் என்று அஞ்சினேன். அவளோ கண்ணாடிப் பேழைகளை விட்டு நகரவேயில்லை. மணக்கோலத்தில் நின்ற நம் நாட்டுப் பொம்மைகளை இங்குள்ள பட்டறையிலேயே செய்கிறார்கள் என்று அறிந்ததும் அவள் வியப்பு இரட்டிப்பாயிற்று.

அன்றிரவு கும்பகோணத்திற்குத் தொலைபேசியில் பேசினாள்.

“பாட்டி, இன்றைக்கு நிறைய குடியா பார்த்தேன்!”

சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு அம்மா என்னை அழைத்து, “என்னப்பா, குடிகாரர்கள் இருக்கும் இடத்திற்கா பிள்ளையை அழைத்துப் போனாய்?” என்றார்.

‘குடியா’ என்றால் இந்தியில் பொம்மை என்று விளக்கினேன். எல்லாரும் சிரித்தனர். என்னால் முழுமையாகச் சிரிக்க இயலவில்லை. ஊரார் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். ‘பொம்மை’ என்னும் சொல் என் வீட்டில் எப்போது நழுவிற்று?

அம்மா என்னைக் கடியவில்லை. பேத்தியிடமே பேசினார். தம் திருமணத்தின்போது தாய்வீட்டில் கொடுத்த செம்மர மரப்பாச்சிகளைப் பற்றியும், நவராத்திரிக் கொலுவில் அவற்றுக்குப் புத்தாடை உடுத்துவது பற்றியும் கூறினார்.

“இந்த ஆண்டு யார் உடுத்துவார்கள், பாட்டி?”

“நீ வந்தால் நீதான்.”

பேசி முடித்ததும் பழைய துணிகளைப் பரப்பிக்கொண்டு அமர்ந்தாள்.

“அப்பா, மரப்பாச்சிப் பொம்மை எவ்வளவு உயரம்?”

கையை விரித்துக் காட்டினேன். அவள் தன் சாணை என் சாணோடு வைத்து அளந்து பார்த்தாள்.