எந்த ஊர்ச் சிப்பாய்

என்னிடம் ஒரு படை இருக்கிறது. பீரோவுக்கு மேலே பழைய ஷூ பெட்டிகளில், பழந்துணி சுற்றிப் படுக்க வைத்திருக்கிறேன். ஈட்டிக்காரர்கள், வில்லாளிகள், கொஞ்சம் குதிரைப்படை, ஒரு மந்திரவாதி. எவனும் கட்டைவிரலின் மேல்கணுவைத் தாண்டமாட்டான். ஐம்பதை நெருங்கும் ஓர் ஆள், பால் சொசைட்டியில் கணக்கெழுதிப் பிழைக்கிறவன், ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் சைபர் நம்பர் பிரஷ்ஷை எடுத்து வைத்துக்கொண்டு பொம்மைச் சிப்பாய்களுக்குக் கண் திறந்துகொண்டிருக்கிறான் என்பது தருமபுரியில் வெளியே சொல்லிக்கொள்கிற விஷயமில்லை. சீட்டாடுகிறான் என்றால்கூட ஏற்றுக்கொள்வார்கள்.

இந்தப் பித்தை ஏற்றிவிட்டது பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன். 1983இல் இங்கிலாந்தின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் வெளியிட்ட வார்ஹாமர் வகையறா விளையாட்டு. மேசைதான் களம். இரண்டு பேர் ஆளுக்கொரு படையை நிறுத்தி, டேப்பை வைத்து அங்குலம் அங்குலமாக நகர்த்தி, பகடை உருட்டி வெட்டிக்கொள்வார்கள். அந்தக் கம்பெனிப் பொம்மைகளின் விலையைக் கேட்டால் இரண்டு கறவை மாட்டுக்குத் தீவனம் வாங்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். அதனால் எங்கள் படை பெரும்பாலும் அவன் நண்பனின் முப்பரிமாண பிரிண்டரில் பிறந்தது. விதிகளும் இலவசமாகக் கிடைப்பவைதான்.

வண்ணம் பூசுவதைவிட எனக்கு ருசித்தது வேறொன்று. இந்த ஆட்டக்காரர்கள் தங்கள் படைக்கு ஒரு பூர்வோத்திரம் எழுதுகிறார்கள். இவர்கள் எந்த நாட்டார், கொடியில் ஏன் பன்றித்தலை, தளபதிக்கு ஒரு கண் எப்படிப் போனது என்பதெல்லாம் அதில் வரும். விளையாட்டைச் செய்தவர்களே அதற்கு இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். 1987இல் வந்த வார்ஹாமர் 40,000 உலகத்தில் விண்வெளி வீரர்களின் படைப்பிரிவுகள் ஏறத்தாழ ஆயிரம்; பெயரும் வரலாறும் உள்ளவை அதில் கொஞ்சம்தான். தொடக்கத்தில் இருந்த இருபது பெரும்படைகளில் இரண்டாவதையும் பதினோராவதையும் பற்றி வேண்டுமென்றே எதுவும் சொல்லாமல் விட்டார்கள். வெற்றிடத்தைப் பார்த்தால் மனிதனுக்குக் கை அரிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அரிப்பு புதிதும் அல்ல. 1826இல் இங்கிலாந்தில் பாட்ரிக் பிராண்டி என்ற பாதிரியார் தன் மகனுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்களை வாங்கி வந்தார். பன்னிரண்டு பொம்மைகள். பையனும் சகோதரிகள் மூவரும் ஆளுக்கொன்றை எடுத்துப் பெயர் வைத்தார்கள். சார்லட் தன்னுடையதற்கு வைத்த பெயர் வெலிங்டன் பிரபு. அந்தச் சிப்பாய்களை ஆப்பிரிக்கக் கரைக்குக் கப்பலேற்றி, கண்ணாடி நகரம் கட்டி, அதற்குப் பத்திரிகையும் நடத்தினார்கள். பத்திரிகையும் சிப்பாய் படிக்கிற அளவுக்குத் தீப்பெட்டிக்குள் அடங்குவது. செத்த சிப்பாய்களைப் பூதங்களாக வந்து இவர்களே எழுப்பிவிடுவார்கள். பின்னாளில் ‘ஜேன் அயர்’, ‘வுதரிங் ஹைட்ஸ்’ எழுதிய கைகள் இந்தப் பொம்மைகளிடம்தான் முதலில் பழகின.

என் கை அப்படி ஒன்றும் பழகவில்லை. ஆனால் எழுதினேன். தருமபுரிக்காரனுக்குப் படை என்றால் வேறு என்ன தோன்றும்? தகடூர்ப் படை. அதியமான் நெடுமான் அஞ்சியின் கோட்டையைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை முற்றுகையிட்டு வீழ்த்திய பிறகு, தப்பிய ஒரு கூட்டம் தொப்பூர்க் கணவாய் வழியாக வேறோர் உலகத்துக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொண்டேன். அங்கே அரசவம்சம், அதற்குக் கிளைவம்சம், தின்றால் சாவில்லாத நெல்லி மரம், அதற்குக் காவல் பூதம். ஒரு குயர் நோட்டு நிரம்பியது. அதியமான்கோட்டைச் செம்மண்ணைச் சலித்து எடுத்து, தண்ணீர் விட்டு இளக்கிய ஃபெவிகாலில் ஒட்டி, ஒவ்வொரு சிப்பாயின் காலடியிலும் சொந்த மண்ணாக நிறுத்தினேன். அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

அக்கா மகன் விடுமுறைக்கு வந்தபோது நோட்டைப் படிக்கக் கொடுத்தேன். புரட்டினான். பிறகு கடைசி வரிசையில், ஈட்டி முனை உடைந்த ஒருவனைச் சுட்டி, “இவன் யாரு மாமா?” என்றான்.

“ஈட்டிக்காரன்.”

“அது தெரியுது. எந்த ஊர்க்காரன்?”

நோட்டில் ஏழு தலைமுறை ராஜாக்கள் இருந்தார்கள். இவன் இல்லை.

உடைந்த அந்த முனை ஔவையாரை நினைவுபடுத்தியது. அவர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன கதை எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டினான். அதைப் பார்த்த ஔவை, இங்கே ஆயுதங்கள் எல்லாம் மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசிப் புதுக்கருக்கு மாறாமல் இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் தொண்ணூற்றைந்தாம் பாட்டு. புகழ்வதுபோல இகழ்வது என்று வாத்தியார் நடத்தியபோது தலையாட்டியவன்தான் நான். என் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதியமான் படை என்று பெயர் வைத்த அத்தனையும் தொண்டைமான் படையாகப் படுத்திருந்தது. அந்த முனை உடைந்தவனைத் தவிர எவன் மேலும் ஒரு கீறல் இல்லை. அக்கா மகனின் ஓர்க் என்ற அரக்கப் பொம்மைகளோ பையில் குலுங்கிக் குலுங்கி மூக்கு தேய்ந்து, கோடரி ஒட்டுப்போட்டு, பார்த்தாலே பத்துச் சண்டை பார்த்தவை என்று தெரியும்.

அதன் பிறகுதான் தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களை நின்று பார்க்க ஆரம்பித்தேன். தெரியாதவை அல்ல, பேருந்து நிலையத்துக்குப் போகிற வேளையில் அந்தப் பக்கம் நடந்தவன்தான். ஆனால் படைக்குக் கதை எழுதுகிறவனாக அவற்றின் முன்னால் நின்றது இல்லை.

பல்லவர் காலத்துக் கற்கள் பலவற்றில் ஒரு மனிதன் பாய்கிற கோலத்தில் நிற்பான். ஒரு கையில் வில், மறு கையில் வாளோ குறுவாளோ. தைத்த அம்பைக்கூடச் சில கற்களில் விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். காலருகே கெண்டியும் சிமிழும் இருக்கும். அவனைச் சுற்றி வட்டெழுத்தில் இரண்டு மூன்று வரி. அந்த வரிகளுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. முதலில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு. அடுத்து அந்தப் பகுதியை ஆண்ட சிற்றரசன். பிறகு எந்த ஊரில் எந்த மாட்டு மந்தையை ஒட்டிய சண்டை. கடைசியில் யாருடைய சேவகன், அவன் பெயர், பட்டான். இவ்வளவுதான். வீரம், தியாகம், விண்முட்டும் புகழ் என்ற ஒரு சொல்லும் கிடையாது. பேரரசன் ஆண்டைக் குறிக்க மட்டும் வருகிறான். இன்றைக்கு நாம் காலண்டர் தேதி போடுகிற இடத்தில் அவனைப் போட்டிருக்கிறார்கள்.

செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல்லைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பொறாமையே வந்தது. மகேந்திரவர்மனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பாதி. எருமைகளைக் காக்கப் போய் விழுந்தவன் கருந்தேவக்கத்தி. கல்லில் அவனோடு ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது என்று எழுத்திலும் இருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முந்தைய நாய். எத்தனை கள்ளர் என்ற கணக்கு உட்பட! பால் சொசைட்டிக் கணக்கனுக்கு அந்த ‘இரண்டு’ எவ்வளவு பிடித்துப்போயிற்று என்று சொன்னால் சிரிப்பார்கள். என் நோட்டில் வந்த காவல் பூதம் எத்தனை பேரைக் கடித்தது என்று எனக்கே தெரியாது.

இன்னொன்றும் உறைத்தது. அதியமான் சண்டையைப் பற்றித் ‘தகடூர் யாத்திரை’ என்றே ஒரு நூல் இருந்தது. அது தொலைந்துவிட்டது, புறத்திரட்டு போன்ற நூல்களில் ஒட்டிக்கொண்ட சில பாட்டுகள்தான் மிச்சம். கோட்டை விழுந்த கதை போய்விட்டது, எருமைக்காகச் செத்தவன் கதை நிற்கிறது. இப்படி ஒருபக்கமாகச் சொல்வது சரித்திரக்காரர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு இது போதும். வார்ஹாமரிலும் இதுவே நடந்தது. 2015இல் கம்பெனி தன் பழைய உலகத்தையே அழித்து வேறோர் உலகத்தை விற்க ஆரம்பித்தது. அந்தப் பேரரசுகளின் குடிமக்களாகத் தங்கள் படையை எழுதி வைத்திருந்தவர்களுக்கு ஒரே நாளில் நாடில்லை. 2024இல் பழைய உலகம் திரும்பவும் கடைக்கு வந்தது, அது வேறு வியாபாரம். நடுவில் இருந்த ஒன்பது ஆண்டுகளையும் தாங்கியவை, என் கணிப்பில், சின்னக் கதைகள் உள்ள படைகளாகத்தான் இருந்திருக்கும்.

நடுகல்லின் கதை சண்டைக்குப் பிறகு எழுதப்படுவது. விழுந்தவன் எழுதிக்கொள்வதில்லை, பார்த்தவர்கள் எழுதுகிறார்கள். தொல்காப்பியம் கல் எடுப்பதற்குக் காட்சியில் தொடங்கி வாழ்த்து வரை ஆறு படி சொல்கிறது; அத்தனையும் மிஞ்சியவர்கள் செய்கிற வேலை. நான் சண்டைக்கு முன்பே ஏழு தலைமுறை எழுதி வைத்துவிட்டு, பகடை அதற்கு விரோதமாக விழும்போதெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். சாகாவரம் பெற்ற இளவரசன் முதல் சுற்றிலேயே ஒரு குள்ள ஓர்க்கிடம் செத்தால் என்ன செய்வது? இப்போது முன்கூட்டி எழுதுவது பெயரும் ஊரும் மட்டும். மாரி, கடத்தூர். சின்னபையன், அரூர். முனிராசு, பாலக்கோடு. மீதியைச் சண்டை சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதை எழுத இடம் சொசைட்டியில் கழித்துப்போட்ட பழைய லெட்ஜர். உறுப்பினர் எண், பெயர், காலை லிட்டர், மாலை லிட்டர், கொழுப்பு என்று கட்டம் போட்டிருக்கும். பெயர்க் கட்டத்தில் சிப்பாய். காலையில் யார் மேல் பாய்ந்தான், மாலையில் எங்கே நின்றான். கொழுப்புக் கட்டத்தில் எப்படிப் பட்டான் என்பது. ஆட்சியாண்டு யாருடையது என்று ஒரு சிக்கல் வந்தது. வீட்டை ஆள்வது யார் என்பதில் எனக்கோ பையனுக்கோ சந்தேகமில்லாததால் என் மனைவியின் பெயரில் போட்டோம்.

முதலில் ஏறியது அந்த முனை உடைந்தவனின், அதாவது மாரியின், கதை. சாப்பாட்டு மேசையில் கவிழ்த்த சட்டி மலை, மடித்த துண்டு ஆறு. ஊறுகாய் ஜாடிக்கும் மேசை விளிம்புக்கும் நடுவில் ஒரு சந்து. எதிரி அதைப் பிடித்தால் என் வில்லாளிகள் காலி. ஈட்டிக்காரர்கள் எல்லோரும் விழுந்து இவன் ஒருத்தன் மட்டும் மிஞ்சினான். ஓர்க் தலைவன் வந்து மோதினான். பகடையில் ஆறு விழுந்தது, தப்பினான். அடுத்த சுற்றிலும் ஆறு. பையன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். மூன்றாம் சுற்றில் உருட்டியது ஒன்று. இந்த விளையாட்டில் ஒன்று விழுந்தால் எந்தக் கவசமும் காப்பாற்றாது.

“தாயம்!” என்று கை தட்டினாள் என் அம்மா. வெற்றிலையை மடித்தபடி அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“இல்ல ஆயா, ஒண்ணு விழுந்தா அவன் அவுட்டு” என்றான் பையன்.

“தாயம் விழுந்தவனை எவனாச்சும் வெளிய எடுப்பானா? தாயம் போட்டாத்தான்டா ஆளே உள்ள வரும்.”

விதியை விளக்கிப் பார்த்தோம். அவளுக்கு அது அநியாயமாகவே பட்டது. பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். “சரி, செத்துட்டான். எங்க வேடியப்பன் மாதிரி ஒரு கல்லு நட்டு வுடுங்க.”

எங்கள் குலதெய்வமான வேடியப்பனின் கோயில் புளியமரத்தடியில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் பல வேடியப்பன்கள் நடுகற்கள்தான். எண்ணெயும் மஞ்சளும் ஏறி ஏறி எழுத்து இருந்ததா என்றுகூடத் தெரியாதபடி ஆகியிருக்கும். பெயர் போய்விட்டது, மந்தை போய்விட்டது, சாமி மட்டும் இருக்கிறார். அம்மாவிடம் கேட்டால் அவர் வேட்டைக்கு வந்தவர், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார் என்று ஒரு கதை சொல்வாள். பெரியம்மா சொல்வது வேறு. கல்லில் இருந்த கதை அழிந்ததும் ஊர் தானாகவே ஒன்றை எழுதிக்கொண்டது. அதில் அவர் ஜெயித்தாரா என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை. பொங்கல் வைக்கும் நாளில் கிடா வெட்டி, மாடு கன்று நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிடுவோம். மாட்டுக்காகச் செத்தவனிடம் மாட்டுக்காக வேண்டுவது பொருத்தம்தான்.

மாரிக்கு ஒரு கூழாங்கல் நட்டோம். அடுத்த ஆட்டங்களில் அந்தச் சந்தில் அது களத்தின் பகுதியாகவே நின்றது. அதன் பக்கத்தில் நிற்கும் என் ஆட்களுக்கு ஒரு பகடையைத் திரும்ப உருட்டலாம் என்று விதியும் செய்துகொண்டோம். பையனே ஒப்புக்கொண்ட விதி.

அதற்கு அவன் விலை கேட்டான். நடுகற்களில் மந்தையை மீட்டுப் பட்டவனுக்கு மட்டுமல்ல, மந்தையைக் கவரப் போய்ப் பட்டவனுக்கும் கல் உண்டு என்று நான்தான் அவனிடம் வாய்விட்டிருந்தேன். கவர்ந்தவனுக்கும் ஓர் ஊர் இருந்தது, அவனுக்காகக் கல் சுமந்து வரவும் ஆள் இருந்தது.

“அப்ப என் ஓர்க்குக்கும் லெட்ஜர்ல பக்கம் வேணும் மாமா.”

“பச்சைத் தோலும் கோரைப்பல்லுமா இருக்கிறவனுக்கு எந்த ஊரைடா போடறது?”

“பாப்பிரெட்டிப்பட்டி போடுங்க.”

“அது உங்க அத்தை பொறந்த ஊரு. வேற சொல்லு.”

உள்ளேயிருந்து சமையல் சத்தம் சட்டென்று நின்றது. பென்னாகரம் என்று அவசரமாக எழுதிக்கொண்டோம்.