மாட்டுக்கு ஆனது குதிரைக்கு ஆகுமா?

இப்போதெல்லாம் எங்கள் பக்கம் எந்தக் கட்டுத்தரைக்குப் போனாலும் ஓரத்தில் பிளாஸ்டிக் சுற்றிய உருண்டைக் கட்டுகள் நிற்கின்றன. உள்ளே இருப்பது மக்காச்சோளத் தட்டு. கதிரோடு சேர்த்து நறுக்கி, காற்றுப் புகாமல் இறுக்கிப் புளிக்கவைத்தது. சைலேஜ் என்கிறார்கள்; ஊறுகாய்ப்புல் என்றும் சொல்வதுண்டு. புதிதாக மாடு பிடித்த பையன்கள் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "சைலேஜ் நல்லதுங்களா?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். எதுக்குப் போடப் போறே?

சைலேஜ் மேல் எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. சித்திரை, வைகாசியில் கொறங்காட்டு மேய்ச்சல் காய்ந்து, தட்டுப்போரும் அடிமட்டத்துக்கு வந்துவிட்டால், விற்கிறவன் சொன்னதுதான் விலை. ஐப்பசி, கார்த்திகையிலோ புல் மண்டிக் கிடக்கும். அறுத்துக் காயப்போட்டால் மழை விடாது, கறுத்துப்போகும். அந்தப் பச்சையைக் கோடைக்கு எடுத்துவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வருஷத்தில் பல மாதம் பனி மூடும் பின்லாந்தில், பச்சைத் தீவனத்தில் அமிலம் சேர்த்துக் கெடாமல் காக்கும் முறையை விர்த்தானன் என்ற வேதியியல் அறிஞர் கண்டார். 1945இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தபோது அந்த முறையைக் குறிப்பிட்டுத்தான் கொடுத்தார்கள். மாட்டுத் தீனிதானே என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம்.

வேலை எல்லாம் மூடுவதற்கு முன்னால்தான். கதிரில் பாலேறி மாவாகத் திரும்பும் பருவத்தில் மக்காச்சோளத்தை அறுக்க வேண்டும். விரலிடை அளவுக்கு நறுக்கி, ஒரு கை அள்ளி அழுத்திப் பிடித்துவிட்டுத் திறந்து பார்ப்பேன். விரலிடுக்கில் சாறு வழிந்தால் ஈரம் அதிகம், இன்னும் வாட வேண்டும். சட்டென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. உருண்டை மெல்லப் பிரிந்து, உள்ளங்கையில் ஈரம் மட்டும் ஒட்டினால் சரி. ஏறக்குறைய நூற்றுக்கு 65, 70 பங்கு ஈரம். கோ-4 போன்ற புல்லில் இனிப்புச் சத்து குறைவு. வாடவிட்டு, 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லப்பாகு தெளித்தால் நன்றாகப் புளிக்கும். பிறகு மிதிக்க வேண்டும். டிராக்டர் ஏற்றி மிதித்தாலும் சரி, காலால் மிதித்தாலும் சரி, உள்ளே காற்று நிற்கக் கூடாது. காற்று இல்லாத இடத்தில் லாக்டிக் அமிலம் செய்யும் நுண்ணுயிர் பெருகும், புளிப்பு ஏறும், அந்தப் புளிப்பிலே மற்ற கிருமிகள் தலையெடுக்காது. 45 நாள் கழித்துத் திறந்தால் மஞ்சள் கலந்த பச்சையில், பழம் புளித்த வாசனையோடு இருக்கும். மாடு மூக்கை விட்டால் எடுக்காது.

மாட்டுக்கு அது ஒத்துப்போவதற்குக் காரணம் அதன் வயிறு. தின்றது முதலில் போய்ச் சேரும் பெருவயிற்றிலேயே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் காத்துக்கிடக்கின்றன. தீனி இரைப்பைக்குப் போகுமுன் அவை ஒருமுறை வேலை பார்த்துவிடும்; சில நச்சுகளைக்கூட ஓரளவு உடைத்துவிடும். மிச்சத்தை மாடு திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து நிதானமாக அசைபோடும்.

போன வருஷம் என் மகள் வயிற்றுப் பேரன் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் ஒரு குதிரை பிடித்துவந்தான். மாடுகளுக்குக் கட்டுப் பிரிக்கும்போது பக்கத்தில் வந்து நின்றான். "அப்புச்சி, குதிரைக்கும் ரெண்டு கூடை போடட்டுங்களா? அதுவும் புல்லுதானுங்களே?"

"போடாத கண்ணு" என்றேன்.

குதிரைக்குப் பெருவயிறு கிடையாது. நுண்ணுயிர் வேலை செய்யும் இடம் அதற்குப் பெருங்குடல் பக்கம், கடைசியில். அதனால் தீனியோடு வரும் பூசண நஞ்சு முன்வாசலில் யாரும் தடுக்காமல் நேரே உள்ளே போகிறது. கட்டுக்குள் எலியோ பாம்போ சிக்கிச் செத்து, புளிப்பும் சரியாக ஏறவில்லை என்றால், பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கொடிய நஞ்சு உண்டாகும். மாட்டையும் அது சாய்க்கும். குதிரைக்கு மிகச் சின்ன அளவே போதும். நாக்குத் தொங்கி, விழுங்க முடியாமல், கால் தளர்ந்து படுத்துவிடும். இதற்கெல்லாம் மேல் ஒன்று: குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பை வாயில் இருக்கும் தசை அவ்வளவு இறுக்கம். உள்ளே போனது போனதுதான்.

மனிதரிலும் இந்த இரண்டு வயிறும் உண்டு. என் தம்பி மாட்டு வயிற்றுக்காரன். அப்பா எவ்வளவு திட்டினாலும் ராத்திரி முழுக்க அசைபோட்டு, காலையில் அதிலிருந்த சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சிரித்தபடி ஏர் பூட்டப் போவான். என் தங்கைக்கு அது ஆகாது. ஒரு சுடுசொல் விழுந்தால் அவளால் வெளியே தள்ளவும் முடியாது. அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. தம்பியிடம் களத்தில் நின்று கத்தியதை, தங்கையிடம் அம்மா மூலமாக, சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு, பாதியாகக் குறைத்துச் சொல்லியனுப்புவார். ஓரவஞ்சனை என்று தம்பி சண்டை போட்டதும் உண்டு. இன்று திண்ணையில் என்னோடு உட்காரும் என் வயதுக்காரர்கள், "நாங்க வாங்காத அடியா?" என்று பேரப்பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லும்போதெல்லாம், இவர்கள் மாடு மட்டுமே வளர்த்தவர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஐரோப்பாவில் குதிரைக்கும் புளித்த புல் போடுகிறார்களே என்று பேரன் கைப்பேசியில் படம் காட்டினான். போடுகிறார்கள்தான். ஆனால் அது பாதிக்கு மேல் காயவிட்டுச் சுற்றிய புல். இதைப்போல ஈரமான மக்காச்சோளம் இல்லை. அதில் புளிப்பும் குறைவு, ஆகவே உறையில் சின்ன ஓட்டை விழுந்தாலும் பூசணம் வந்துவிடும். திறந்த கட்டைச் சில நாளுக்குள் தீர்த்தும் ஆக வேண்டும். குளிர் தேசத்தில் தாங்குவது நம் வெயிலில் அவ்வளவு தாங்காது. குதிரைக்குக் காய்ந்த கொழுக்கட்டைப்புல் போதும் என்று முடிவாயிற்று.

மாட்டுக்கும் எடுத்த எடுப்பில் கொட்டக் கூடாது. முதல் நாள் ஒரு கை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, பத்துப் பதினைந்து நாளில் முழு அளவு. பெருவயிற்று நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும். பழகிய கறவை மாடு நாளைக்கு 15, 20 கிலோ தின்னும். பால் கறந்த பிறகே போடுவது நல்லது. முன்னால் போட்டால் பாலில் அந்த வாடை ஏறும். பூசணம் பிடித்த பகுதியை மனசு கேட்காமல் நல்லதோடு கலந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பூசண நஞ்சில் ஒரு வகை பாலிலும் இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தை.

"அப்ப நம்ம வெள்ளாட்டுக்குங்க அப்புச்சி?" என்றான் பேரன், விடாமல்.

ஆட்டுக்குப் போடலாம். அதுவும் அசைபோடும் சாதிதான். ஆனால் மண் கலந்து கெட்ட கட்டாக இருந்தால் லிஸ்டீரியா என்ற கிருமி வரும். ஆடு தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு வட்டமடிக்கும், சினையாடு குறைமாதத்தில் குட்டி வீசிவிடும். "நல்ல கட்டா இருந்தாக் கொஞ்சமாப் போடு. முதல்ல போய்ப் பிரிச்சு மோந்து பாத்துட்டு வா" என்றேன்.