பள்ளித் தோட்டத்து நாகலிங்கம்



நம்மைப் பால்மரக் காடு சூழ்ந்திருந்த நாளில், பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் மரங்கள் இலை உதிர்க்கும், பாலும் குறையும், பருவத்தை யாவரும் அறிந்திருந்தோம். செம்பனையோ என்றும் பசுமை மாறாதது. இன்று மாணவர்க்கு இலையுதிர்வைக் காட்டுவது நம் பள்ளித் தோட்டத்து நாகலிங்க மரமே.

தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் அடிமரத்திலேயே பூக்கும். ஆண்டில் ஒருமுறைக்கு மேலும் இலை முழுவதையும் உதிர்த்துச் சில நாள்களில் மீண்டும் தளிர்க்கும். பீரங்கிக் குண்டு போன்ற அதன் காய் முதிர ஏறத்தாழ ஓராண்டு ஆகும்.

காய் பிள்ளைகள்மீது விழுமென அஞ்சிப் பெற்றோர் சிலர் மரத்தை வெட்டுமாறு வேண்டினர். அவ்வச்சம் நியாயமானதே. ஆகவே, மரத்தைச் சுற்றி வேலியிட்டோம். மாணவர் வேலிக்கு அப்பால் நின்று, இலை உதிரும் நாளையும் தளிர்க்கும் நாளையும் ஏட்டில் குறித்து வருகின்றனர். மரம் நின்றாலன்றோ அவ்வேடு வளரும்?